பேர் எழுதிய தொட்டி

சூலூரைச் சுற்றி எந்தக் கோவிலுக்குள் நுழைந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். டியூப் லைட்டில் என் பேர் இருக்கும். பள்ளிக்கூடத்து மின்விசிறி, பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சு, கல்யாண மண்டபத்து அண்டா, சுடுகாட்டுக் குழாயடி எல்லாவற்றிலும் உபயம் என்று போட்டு என் பேர், அதற்குக் கீழே என் வீட்டுக்காரி பேர். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. கொடுத்தவன் பேர் இல்லாவிட்டால் கொடுத்த மாதிரியே இருக்காது. இந்தக் கட்டுரையில் மட்டும் அந்த இரண்டு பேரும் வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உக்கடத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கருகிப்போன காயிலைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஆரம்பித்தேன். இன்று சூலூரில் எனக்குச் சொந்தமாக பம்பு செட் கம்பெனி இருக்கிறது. ஆயிரம் அடி போருக்குள் என் மோட்டார் இறங்கித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. இன்ஜினியரிங் படித்து வந்தவர்கள் என்னிடம் வந்து நின்று, இது ஏன் சூடாகிறது என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் கையில் மீட்டர் வைத்துக்கொள்ள மாட்டேன். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பேரிங்கா, வைண்டிங்கா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, இருப்பதைச் சொல்லுகிறேன்.

அப்படிப்பட்டவன் வீட்டில் ஒருத்திக்குத் தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். உள்ளே போகிற தண்ணீர் வெளியே போகாது என்பதால், ஒரு நாளைக்கு ஐந்து சின்ன டம்ளர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்த ஐந்துக்குள்ளேதான். காலையில் ஒரு சொம்பில் அளந்து ஊற்றி அலமாரியில் வைத்துவிடுவாள். ஒரு வாய் எடுத்தால் உடனே விழுங்க மாட்டாள். கன்னத்துக்கும் நாக்குக்கும் மாற்றி மாற்றி வைத்திருந்துவிட்டு, மனசில்லாமல் உள்ளே விடுவாள். வெளியே என் வீட்டு மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பேன். அந்தச் சத்தம் அவள் காதில் விழக்கூடாது என்றுதான்.

மிஷின் இல்லாத சனி ஞாயிறு சேர்ந்து வந்த ஒரு சமயம், எங்காவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். மாசி கடைசி. நான் முதுமலைக்குப் போகலாம் என்றேன். புலியைக் காட்டுகிறேன் என்று வேறு சொன்னேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வரைக்கும் சொன்னேன்.

ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, காட்டுக்குள் நுழைந்தோம். கூடலூர்ப் பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. தெப்பக்காடு தாண்டி மசினகுடிப் பக்கம் திரும்பியதும் காடு வேறு மாதிரி ஆகிவிட்டது. தேக்கு மரம் ஒன்றிலும் இலை இல்லை. விழுந்த இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தன. மூங்கில் புதர்கள் பூத்து முடித்துச் செத்து, வெளுத்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. ரோட்டோரம் தீ பரவாமல் இருக்க எரித்துவிட்ட கருப்புப் பட்டை நெடுகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கருகலுக்குள் ஒரே ஒரு புரச மரம் மட்டும் இலையே இல்லாமல் செக்கச்செவேல் என்று பூத்து நின்றது. தெற்கே நீலகிரி மலை சுவர் எழுப்பியது மாதிரி நின்றது. மேகம் எல்லாம் அதற்கு அந்தப் பக்கமே நின்றுவிடுமாம். இந்தப் பக்கத்துக்கு மழை மிச்சம்தான் வரும்.

காட்டைச் சுற்றிக் காட்டுகிற வண்டியில் நான் பேசிக்கொண்டே போனேன். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருக்கும், எத்தனை குதிரைத்திறன் போட்டால் வரும் என்று டிரைவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கூட வந்த காட்டுக் காவலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மொதலாளி, புலிக்கும் காது இருக்குதுங்க" என்றார். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மௌனத்தில்தான் அவள் அதைப் பார்த்தாள். ஒரு வறண்ட ஓடை. நடுவில் பாறை. பாறையின் இடுக்கில் ஈரம் கசிந்து கருப்பாக ஒரு கோடு. ஒரு பெண் கடமான் அந்தக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது. நல்ல பெரிய உருவம், எருமைக் கன்று அளவுக்கு. கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது. விலா எலும்பை எண்ணலாம். பக்கத்தில் ஒரு குட்டி, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. தாய் நக்கும், நிமிர்ந்து பார்க்கும், மறுபடி நக்கும். வண்டி நகர்ந்த பிறகும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

புலி வரவில்லை. மணலில் அதன் காலடித் தடத்தைக் காவலர் காட்டினார். இரண்டு குட்டியோடு ஒரு பெண் புலி இந்தப் பக்கம்தான் திரிகிறது என்றார். அவள் அதைச் சரியாகக் கேட்கவே இல்லை. அறைக்கு வந்ததும் அவளது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறீங்க. அந்த மானுக்குக் கொஞ்சூண்டு எடுத்து உடுங்க. அது குடிக்கறத ஒருக்காப் பாத்தாப் போதும். நான் குடிச்ச மாதிரி இருக்கும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது குறைவு. நகை கேட்டதில்லை, கார் கேட்டதில்லை. நான்தான் வாங்கிப் போடுவேன், போட்டுவிட்டு நாலு பேரிடம் சொல்லுவேன். அவளாகக் கேட்டது இது ஒன்றுதான்.

அதிகாரிகளைப் பார்த்து, எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கினேன். அவர்கள் காட்டிய இடத்தில் போர் போட்டு, சோலார் பலகையை யானைக்கு எட்டாத உயரத்தில் இரும்புத் தூணில் ஏற்றினேன். தூணைச் சுற்றி ஆறடிக்குக் கான்கிரீட் நிரப்பினேன். யானை முட்டினால் யானைக்குத்தான் வலிக்கும். மோட்டார் நானே என் கையால் வைண்டிங் கட்டியது. வெயில் ஏறினால் தானாக ஓடும், தொட்டி நிரம்பினால் தானாக நிற்கும். தொட்டியை மட்டும் காவலர் சொன்னபடி கட்டினோம். தரையோடு தரையாக, ஒரு பக்கம் சரிவாக இருக்க வேண்டும், குட்டி உள்ளே விழுந்தால் ஏறி வர வழி வேண்டும் என்றார். அதெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

கேட்காதது ஒன்று. பேர் எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள். "காட்டுல ஆருங்க படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். நீ சும்மா இரு அம்மணி என்றேன். அவள் பேரும் அதில் இருக்க வேண்டும், அவள் இல்லாமல் போனாலும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் கோபப்பட்டேன். சூலூரிலிருந்து பெயிண்டரைக் கூட்டிப்போய், தண்ணீருக்கு மேலே தெரிகிற விளிம்பு முழுக்க மஞ்சள் எனாமல் அடித்து, அதன்மேல் சிவப்பில், உபயம் என்று போட்டு இரண்டு பேரையும் அரையடி எழுத்தில் எழுத வைத்தேன். அதிகாரி யோசித்தார். சின்னதாகப் போதுமே என்றார். நான் பேசியே சரிக்கட்டிவிட்டேன். திறப்பு நாளில் மூன்று வேனில் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போனேன். தேங்காய் உடைத்தோம். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அன்றைக்கு மிஷின் நாள், வர முடியவில்லை.

தொட்டிக்கு எதிரே மரத்தில் ஒரு கேமரா கட்டியிருந்தார்கள். எதிரில் எது அசைந்தாலும் அது படம் எடுத்துக்கொள்ளும். காவலர் அதைப் பார்த்து எனக்கு போனில் அனுப்புவதாக ஏற்பாடு.

"வந்துச்சுங்களா?" என்று மறுநாளே கேட்டாள். மிஷினில் படுத்துக்கொண்டு கேட்பாள், காரில் ஏறியதும் கேட்பாள், சொம்பில் தண்ணீரை அளக்கும்போது கேட்பாள். பழகிக்கொள்ள வேண்டாமா என்பேன் நான். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ஒரு காக்கைகூட வரவில்லை. போனில் காவலர் பட்டும் படாமலும் சொன்னார். கடமான் மூக்கால்தான் பார்க்கும், பெயிண்டு வாசம் போகட்டும் என்றார். நல்ல கம்பெனி பெயிண்டு, அதெல்லாம் உடனே காய்ந்துவிடும் என்று நான் அவருக்கே பாடம் சொன்னேன்.

மூன்றாவது வாரம் அவர் ஒரு படம் அனுப்பினார். தொட்டி விளிம்பில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது. நான் மந்தியைப் பார்க்கவில்லை. விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் சேறும் சாணியும் அப்பியிருந்தது. என் பேரில் ஓர் எழுத்து தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏதோ மிருகத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன், இல்லை, வேண்டாதவன் யாரோ செய்தது என்றும் நினைத்தேன். அன்றைக்கே பெயிண்டருக்கு வண்டி வைத்து அனுப்பினேன். அவன் போனபோது காவலர் ரோந்துக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து பெருமையாகச் சொன்னான்: "நல்லாக் கழுவி உட்டு ரெண்டு கோட்டு அடிச்சுப்போட்டு வந்தேனுங்க. இனி பத்து வருசத்துக்கு அசையாதுங்க."

அந்தச் சேற்றை அப்பியது காவலர்தான் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. வாசம் போகட்டும் என்று ஓடை மண்ணையும் யானைச் சாணியையும் குழைத்து, தன் கையால் சுற்றிலும் பூசியிருக்கிறார். மந்தி அதற்குப் பிறகுதான் வந்தது. மந்தி வந்தால் மான் வரும். மான் வந்தால் மற்றதெல்லாம் வரும். எனக்கு இதைச் சொல்லப் பயந்து சொல்லாமல் விட்டிருக்கிறார். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சித்திரை வெயில் ஏறிவிட்டது. அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ஐந்து டம்ளர் மூன்றாயிற்று, ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். உதடு வெடித்து, பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் அதே கேள்விதான். ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. வந்துவிட்டது, தாயும் குட்டியும் வந்து குடிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தவன், நிறுத்தியிருக்கலாம். தினமும் சாயங்காலம் வருகிறது, முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு குடிக்கிறது என்று மேலே மேலே கட்டினேன்.

"படம் வந்திருக்குமல்லங்க?" என்றாள்.

மசினகுடியில் ஜீப் ஓட்டுகிற ஒருவரிடம் கேட்டு, ஏதோ ஒரு தொட்டியில் ஏதோ ஒரு வருஷம் கடமான் தண்ணீர் குடித்த படத்தை வாங்கினேன். அதைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பேரக் காணமுங்க."

எங்கள் தொட்டி மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்கியவன், பேரை மறந்துவிட்டேன். அதைப்போய் நான் மறப்பேனா? மறந்தேன். அவளே என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அழிச்சுப்போட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நல்லதுங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் ஈரம் வந்தது. அவள் உடம்பில் அதற்குக்கூட மிச்சம் இருந்திருக்கிறது. "இப்பத்தானுங்க தாகம் அடங்குனாப்புல இருக்குது."

மறுநாள் விடிந்ததும் மகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, உளி, சுத்தியல், கம்பி பிரஷ் எல்லாம் எடுத்துக்கொண்டு முதுமலைக்குப் போனேன். ஆள் வைத்துச் செய்திருக்கலாம். என்னிடம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். வைக்கத் தோன்றவில்லை.

காடு முன்பு பார்த்ததைவிட மோசமாகக் கிடந்தது. மாயாறு கல்லுக்கு நடுவில் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. காட்டெருமைகள் புழுதியில் நின்று வேலிக்கருவேலங்காயைத் தின்றுகொண்டிருந்தன. வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கையை அசைக்காமல் சுற்றின. என் தொட்டியில் மட்டும் தண்ணீர் விளிம்பு வரைக்கும் தளதளவென்று நின்றது. மோட்டார் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண்ணில் ஒரு குளம்படி இல்லை. மஞ்சள் பெயிண்டு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கிட்டே போனபோது எனக்கே அந்த வாசம் அடித்தது.

கொஞ்சம் தள்ளி, உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் எலும்பு கிடந்தது. சின்ன எலும்புகள். காய்ந்த தோல் ஒரு துண்டு, கடமான் நிறத்தில். நான் பார்ப்பதைக் காவலர் பார்த்துவிட்டார். "செந்நாய் அடிச்சிருக்குமுங்க மொதலாளி. இங்க அது நடக்கறதுதானுங்க" என்றார். இருக்கலாம். என் மனசு ஆறுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அங்கிருந்து தொட்டி எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் எனக்கு மறக்காது.

பெயிண்டைக் கரைக்கிற மருந்து தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் உளியால்தான் செதுக்க வேண்டியிருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் காவலர் ஒரு துப்பாக்கியும் இல்லாமல் ஒரு கம்போடு புதரைப் பார்த்துக்கொண்டு நின்றார். புலித்தடம் ஓடையில் புதிதாக இருக்கிறதாம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பேரை முதலில் எடுத்தேன். அது சீக்கிரமே போய்விட்டது. அவள் பேரின் முதல் எழுத்தில் உளியை வைத்தேன், சுத்தியல் தூக்கிய கை இறங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்து உளியை வாங்கிக்கொண்டார். "நான் எடுக்கறனுங்க. நீங்க அக்கட்டப் பாருங்க" என்றார். நான் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உதிர்ந்த பெயிண்டை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். ஓடை மண்ணும் சாணியும் குழைத்து இரண்டு பேரும் சேர்ந்து பூசினோம். தண்ணீர் மறுபடி ஏறத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வாழ்க்கையில் நான் செய்த எந்த வேலையையும் சொல்லாமல் இருந்ததில்லை. இதைச் சொல்ல முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை பேர் ஏற்கெனவே அழிந்துவிட்டது, மான் ஏற்கெனவே குடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கை கொப்புளம் கொப்புளமாக இருந்தது. என்ன இது என்றாள். லேத்தில் பட்டுவிட்டது என்றேன். கையைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் மஞ்சள்.

பிறகு அலமாரி மேலிருந்த தன் டம்ளரை எட்டி எடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு மீதி இருந்தது அந்தக் கால் டம்ளர்தான். அதில் விரலை நனைத்து என் கொப்புளத்தின்மேல் தடவினாள். வேண்டாம் அம்மணி என்றேன். கேட்கவில்லை. மறுபடி நனைத்து மறுபடி தடவினாள்.

"வெசனப்படாதீங்க. இனி வருமுங்க" என்றாள்.

இனி வரும் என்றாள். வந்து குடித்துவிட்டதாக நான் படம் காட்டிய பிறகு.

அதற்கு எட்டாம் நாள் போய்விட்டாள். பேரூர் படித்துறையில் சாம்பலைக் கரைக்க நின்றோம். நொய்யலில் கணுக்கால் தண்ணீர்தான். மகன் கலயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்துப் பார்த்தேன். காவலர் ஒரு படம் அனுப்பியிருந்தார், எழுத்து ஒன்றும் இல்லை. மண் பூசிய விளிம்பு. சரிவில் ஒரு பெண் கடமான், முன்னங்கால் இரண்டும் தண்ணீரில். கழுத்தை நீட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வாயைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தண்ணீர் விரிந்திருந்தது. பக்கத்தில் குட்டி இல்லை.

பக்கத்தில் நின்ற மைத்துனர், யாருங்க போனில் என்று கேட்டார். கம்பெனியிலிருந்து என்றேன்.

ஐப்பசியில் புலிப் படமும் வந்தது. அந்தப் பெண் புலி பின்பக்கமாக நடந்து தொட்டிக்குள் இறங்கி, வீட்டுத் தொட்டியில் உட்கார்ந்த மாதிரி கழுத்து வரைக்கும் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. காது மட்டும் விறைத்துக்கொண்டு. அந்தப் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. கம்பெனி வரவேற்பறையில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்களிடம் தண்ணீர் என் மோட்டாரில் ஏறியது என்று சொல்லத்தான் சொல்லுகிறேன். பேர் எங்கே என்று சிலர் கேட்கிறார்கள். காவலரும், தொட்டியின் அடியில் மறைவாக ஒரு ஓரத்தில் வீட்டம்மா பேரை மட்டும் கீறிவிடட்டுமா என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன்.

கடமான் படம் என் போனிலேயே இருக்கிறது. அதை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை. அது அவளுக்காக வந்த படம்.